நூறு கிலோமீற்றர், இறங்காமல்: கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஒரு நாள்

திருகோணமலையில் இருந்து கிண்ணியா வழியாக மூதூருக்கு சைக்கிளில் போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா என்று இந்தப் பக்கத்தில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். வழியில் ஒரு பாலமும் இல்லாத காலத்தில், பின்னுக்கு ஒரு கூடையும் முன்னுக்கு ஒரு கூடையும் கட்டிய பெண்கள் சைக்கிளில் நான் போய் வந்தேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன் ஒரு நாளில் நான் ஓடிய ஆகக் கூடிய தூரம் ஊருக்குப் பக்கத்துச் சாம்பல்தீவுக் கோயில் வரை. ஆகவே நீங்களும் போகலாம். ஆனால் அந்தப் பயணத்தில் ஆகக் கடினமாக இருந்தது தூரமும் இல்லை, வெயிலும் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த அடுத்த வருசம், ஆவணி மாதம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். என் மேசைக்குப் பக்கத்து மேசை திலகாக்காவுடையது. தட்டெழுத்தாளர். எறிகணைச் செல் துண்டு ஒன்று முதுகெலும்பில் பட்டதில் இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை. லிங்கநகரில் இருந்து அவருடைய தம்பி ரவி ஒவ்வொரு நாளும் சைக்கிள் கரியரில் ஒரு கதிரைப் பலகையைக் கட்டி, அதில் அக்காவை இருத்தி, சேலைத்துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவான். அந்த ரவிக்கு கட்டாரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம். அவன் போனால் திலகாக்கா வேலைக்கு வர வழியில்லை. வேலையை விட்டால் அந்த வீட்டில் அவரும் நோயாளித் தாயும் மட்டும்தான்.

கையால் சுற்றி ஓடும் மூன்று சில்லு வண்டி ஒன்று இருந்தால் அவரே தனியாக வந்து போகலாம். நான் அலுவலகத்தில் துண்டுப்பிரசுரம் அடித்துக் காசு சேர்ப்போம் என்று சொன்னேன். திலகாக்கா தட்டெழுத்தை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"என்ர காலைப் படம் பிடிச்சு ஒட்டி ஒருதரிட்டையும் கேக்காதேங்கோ. அப்பிடி வாற வண்டியில நான் ஏற மாட்டன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் நான் ஊரில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த நூர்தீன் நானாவிடம் போனேன். கிண்ணியாக்காரர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அவர் கடைக்கு நன்கொடைப் புத்தகம் கொண்டு போனவர்கள் ஒருவரும் சிரித்துக்கொண்டு திரும்பியதில்லை. பதாகை பிடித்து, மாலை போட்டு, படம் எடுத்துக் கொடுக்கிற தர்மம் அவருக்கு ஆகவே ஆகாது. நான் விசயத்தைச் சொன்னேன். கொழும்பில் அந்த வண்டி எங்கே கிடைக்கும் என்பதும் விலையும் அவருக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை அவருடைய லொறி கொழும்புக்குப் போகும், வெள்ளிக்கிழமை திரும்பும். முழு விலையையும் தான் தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை வைத்தார்.

"அடுத்தவருக்கு ஒண்டு வேணுமெண்டா நம்மட உடம்பும் கொஞ்சம் நோகத்தான் வேணும், தங்கச்சி. ஒரு நாள், நூறு கிலோமீற்றர், தனியா. சென்றியில இறங்கலாம், அது அவங்கட சட்டம். வேற எங்கயும் இறங்கி உருட்டினா வண்டி இல்ல."

காற்றுப் போனால் நின்று ஒட்டலாம், களைத்தால் இருந்து எழும்பலாம், ஆற்றுத்துறையில் உருட்டி ஏற்றி இறக்கலாம், ஆனால் வீதியில் இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. இதுதான் விதி. இதை ஆர் பார்க்கப் போகிறார்கள் நானா என்று கேட்டேன். "நீங்க இருப்பீங்கதானே" என்று சொல்லிவிட்டு, முன்சில்லில் கம்பி முட்ட முட்ட எண்ணும் பழைய மீற்றர் ஒன்றைப் பூட்டி, சுழியத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். அந்த மீற்றருக்கு ஓடுவதும் ஒன்று, உருட்டுவதும் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் இங்கே இருக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். இராணுவச் சென்றி, அதாவது காவலரண், வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்க வேண்டும். மண்மூட்டைக்கு இருபது முப்பது யார் தூரம் முன்னால் இறங்கி, தொப்பி இருந்தால் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து, தாண்டி இருபது யார் போன பிறகுதான் ஏறலாம். ஏறியபடி போனால் என்ன நடக்கும் என்பதை ஆரும் ஆருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. பதினெட்டு வயதில் இருந்து பதின்மூன்று வருசம் நான் அப்படித்தான் இறங்கி ஏறினேன்.

சனிக்கிழமை விடிய 4.45க்குப் புறப்பட்டேன். மூதூருக்குப் போய்த் திரும்பினால் எண்பத்தெட்டுக்கு மேல் வராது. மிச்சத்துக்கு உப்புவெளிப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வருவதை முதலிலேயே முடித்துவிட்டேன். பின்னேரம் களைத்துப்போய் வீட்டு வாசலைக் கண்ட பிறகு மிச்சத் தூரத்தை ஓட எனக்கு மனம் வராது என்று எனக்கே தெரியும். 5.35க்கு மீற்றரில் 12.4. கண்டி வீதியால் பாலையூற்று, சீனன்குடா, வெள்ளைமணல். காற்று இன்னும் எழும்பவில்லை. வழியில் சென்றிகள் வந்தன, இறங்கினேன், உருட்டினேன், ஏறினேன். பாலையூற்றில் நின்ற ஆமிக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் எங்கே போவது என்று கேட்டார். மூதூர் என்றேன். லோஞ்ச் இருக்கிறதே என்றார். நியாயமான கேள்வி. லோஞ்ச் என்ற அந்த மோட்டார்ப் படகில் குடாவைக் குறுக்கே வெட்டிப் போனால் ஒன்றேகால் மணி நேரம்தான். நான் அதையே சுற்றிப் போவதற்கு ஒரு நாளைச் செலவழிக்கப் போகிறேன் என்று அவருக்கு விளக்க எனக்குச் சிங்களமும் போதாது, வெட்கமும் விடவில்லை.

6.50க்கு கிண்ணியாத் துறை. இப்போது நீங்கள் பாலத்தில் ஐந்து நிமிடத்தில் தாண்டுகிற இடம். அப்போது பாதை. பாதை என்று நாங்கள் சொன்னது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் இரும்பு மிதவையை. கட்டணம் இல்லை, ஆனால் ஒரு லொறி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் தோணி, சைக்கிளோடு பத்து ரூபாய். நான் பாதையிலேயே போனேன். கிண்ணியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு ரொட்டி, சம்பல், பால் விடாத பிளேன்ரீ, எல்லாம் இருபத்திரண்டு ரூபாய். கடைக்காரர் நான் எங்கே போகிறேன் என்று கேட்டுவிட்டு, மூன்றாவது ரொட்டி ஒன்றைக் காசில்லாமல் சுற்றித் தந்தார்.

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையில் இன்னும் மூன்று பாதைகள்: உப்பாறு, கங்கை என்று நாங்கள் சொல்லும் மகாவலி, இறால்குழி. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் தொடக்கம் அரைமணி வரை போகும். வீதி என்று சொல்ல அதிகம் இல்லை. தார் இருந்த இடங்களில் குழி, தார் இல்லாத இடங்களில் மணல். இருபக்கமும் வயல், பிறகு பற்றைக்காடு, பிறகு திரும்பவும் வயல். கங்கைப் பாதை தாண்டும்போது 8.55. கால் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

கங்கை தாண்டி மூன்று கிலோமீற்றரில் ஒரு வளைவு. அங்கே ஒரு சென்றி. இறங்கினேன், தலையைக் குனிந்துகொண்டு உருட்டினேன். வளைவு தாண்டியதும் ஒரு வேப்பமரத்தடியில் வெள்ளரிப்பழம் குவித்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தார். என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"ஆருக்கு, மகள், இறங்கினீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். வளைவில் ஒன்றும் இல்லை. மண்மூட்டை இல்லை, தகரம் இல்லை, கம்பி இல்லை. நாலு குழியும் கொஞ்சம் புல்லும் மட்டும். சென்றிக் கொட்டிலைக் கழற்றிக்கொண்டு ஆமிக்காரர் போய் எட்டு மாதம் என்றார் அவர்.

மகாவலி ஆற்றுக்குள் விழுந்திருந்தால்கூட நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். நான் இறங்கி உருட்டிவிட்டேன். சென்றி இல்லாத இடத்தில். நானாவின் விதிப்படி வண்டி இல்லை.

பெரியவர் ஒரு பழத்தை உடைத்து, சீனி தூவி, வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார். இருபத்தைந்து ரூபாய். அதைத் தின்றபடியே காலையில் இருந்து எத்தனை இடத்தில் இறங்கினேன் என்று யோசித்தேன். இதோடு ஏழு. அந்த ஏழில் எத்தனை இடத்தில் ஆமிக்காரரைக் கண்டேன்? பாலையூற்றில் ஒருவர் என்னோடு கதைத்தார், அது சரி. சீனன்குடாச் சந்தியில் ஒரு துவக்குக் குழலின் நுனியைக் கண்டது ஞாபகம். மற்ற இடங்களில்? எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று வருசத்தில் ஒரு நாளும் நான் முகத்தைப் பார்த்து இறங்கியதில்லை. இடத்தைப் பார்த்து இறங்குவேன், நிலத்தைப் பார்த்து நடப்பேன். முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் நாங்கள் படித்த முதல் பாடம்.

திரும்பி வேறொரு நாள் ஓடலாமா என்றால் வேறு நாள் இல்லை. திங்கள் லொறி போய்விட்டால் அடுத்த லொறிக்குள் ரவி கட்டாரில் இருப்பான். சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தேன், மறைக்க மாட்டேன். மீற்றருக்குத் தெரியாது. வெள்ளரிப்பழப் பெரியவர் கடைக்கு வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. பொய் சொன்னாலும் கிடைப்பது எனக்கு இல்லையே, திலகாக்காவுக்குத்தானே என்று என் மனம் எனக்கே நல்ல வக்கீலாக வாதாடியது. ஆனால் அந்த வண்டியைத் திலகாக்கா ஓட்டிக்கொண்டு வரும் ஒவ்வொரு காலையும் நான் பக்கத்து மேசையில் இருக்க வேண்டுமே. தன் காலைப் படம் பிடிக்க விடாத பெண்ணுக்கு நான் பொய்யில் வந்த வண்டியைக் கட்டிவிடுவதா? முடிவு ஒன்றும் எடுக்காமல் ஏறி மிதித்தேன். அந்த இடத்தில் இருந்து மூதூர் கிட்ட, வீடுதான் தூரம், போகிற பக்கமே போய்விடுவோம் என்று நினைத்தேன்.

மூதூர் 10.40. மீற்றரில் 56.5. இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சோறும் மீன்குழம்பும், எண்பது ரூபாய். கடலுக்கு அப்பால் எங்கள் ஊர் மங்கலாகத் தெரிந்தது. ஒரு மணி லோஞ்ச் ஊதியபோது அதில் ஏறிவிடலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை.

ஏறவில்லை. 1.05க்குத் திரும்பினேன். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று அதற்குள் முழு வேகத்தில் எழும்பியிருந்தது. ஆவணியில் மூதூரில் இருந்து கிண்ணியாப் பக்கம் ஓடினால் அந்தக் காற்று நேரே முகத்தில்தான் அடிக்கும், அடுப்பு வாயைத் திறந்து வைத்தது மாதிரி. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் என்னால் ஓட முடியவில்லை. இறால்குழி தாண்டி பின்சில்லில் காற்றுப் போனது. ஒட்டுப் போட எனக்குத் தெரியும். ஆனால் நிழலுக்கு உருட்டிக்கொண்டு போகக் கூடாதே. நடுவெயிலில், நின்ற இடத்திலேயே ரியூபைக் கழற்றி ஒட்டினேன். முப்பத்தைந்து நிமிடம். ஏற்கனவே விதியை உடைத்தவள் ஏன் இப்படி வெயிலில் காய்ந்தேன் என்று கேட்டால், பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த வளைவு வந்தது. இந்தமுறை தெரியும், அங்கே ஒருவரும் இல்லை. தெரிந்தும், முப்பது யார் தூரம் இருக்கும்போதே என் வலது கால் மிதியை விட்டு எழும்பிவிட்டது. மரத்தடியில் இருந்த பெரியவர் என்னைக் கண்டுவிட்டார்.

"ஏறியே போங்க மகள்," என்றார். "போங்க, ஒண்டுமில்ல."

காலைத் திரும்ப மிதியில் வைத்து அழுத்தினேன். அந்த நாலு குழியையும் தாண்டும்வரை முதுகு விறைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு சத்தம் வரும் என்று காது காத்துக்கொண்டிருந்தது. காற்றுச் சத்தம் மட்டும்தான் வந்தது. தாண்டி நூறு யார் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக, எதிர்க்காற்றில், பைத்தியக்காரி மாதிரி. பதின்மூன்று வருசத்தில் முதல்தடவையாக ஒரு சென்றி இருந்த இடத்தை சீற்றில் இருந்தபடியே தாண்டியிருக்கிறேன். அந்த ஆறுதலை இப்போது எழுதும்போதும் உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது.

அதன்பிறகு ஒவ்வொரு இடத்திலும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆள் இருந்தால் இறங்கினேன், இல்லாவிட்டால் தாண்டினேன். ஏழில் மூன்று இடம் வெறுமை: இந்த வளைவு, உப்பாற்றுக்கு இப்பால் ஒரு மதகு, வெள்ளைமணலில் ஒரு ஆலமரத்தடி. 4.40க்கு கிண்ணியாப் பாதையில் ஏறினேன். அக்கரையில் இருந்து வீதி வடக்கே திரும்ப, கச்சான் முதுகுப் பக்கம் வந்து என்னை ஊர்வரை தள்ளிக்கொண்டு வந்தது. காலையில் பார்த்த பாலையூற்று ஆமிக்காரர், மூதூர் போய் வந்துவிட்டேன் என்பதை நம்பாமல் மீற்றரைக் குனிந்து பார்த்து, தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். முகத்தைப் பார்த்தேன். இருபது வயதுகூட இருக்காது.

6.10க்கு நூர்தீன் நானாவின் கடை வாசலில் இறங்கியபோது மீற்றரில் 100.6. நானா அதைப் பார்த்துத் தலையாட்டினார், லொறிக்காரரைக் கூப்பிடத் திரும்பினார். அப்போதே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"நானா, நான் மூண்டு இடத்தில இறங்கி உருட்டினனான். சென்றி எண்டு நினைச்சு. அங்க சென்றி இல்லை."

அவர் திரும்ப வாசலுக்கு வந்தார். கடைக்கு எதிரே சந்தி மூலையில் முன்பு ஒரு சென்றி இருந்தது. அதை எடுத்து இரண்டு மாதம். வாசலில் நின்று பார்க்கச் சொன்னார். ஆட்கள் வீட்டுக்குத் திரும்புகிற நேரம். முதலில் ஒரு வாத்தியார் வந்தார். மூலைக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினார், பத்து அடி உருட்டினார், ஏறிப் போனார். பிறகு மீன் பெட்டி கட்டிய ஒருவர், இறங்கி உருட்டி ஏறினார். பிறகு கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்த இரண்டு பெண்கள். கதையை நிறுத்தாமலே இறங்கி, கதையை நிறுத்தாமலே ஏறினார்கள். அங்கே ஒரு மண்மூட்டைகூட இல்லை.

"ரெண்டு மாசமா இதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றார் நானா. "நானும் இண்டைக்குக் காலையில இறங்கினனான், தங்கச்சி. போர்நிறுத்தத்தில கையெழுத்து வச்சவங்க வச்சிட்டாங்க. நம்மட காலுக்கு இன்னும் ஆரும் சொல்லல்ல."

பிறகு லொறிக்காரரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை கொழும்பில் ஏற்ற வேண்டிய சாமானில் ஒரு மூன்று சில்லு வண்டியும் இருக்கிறது என்றார். நான் கடைப் படியில் இருந்து அழுதேன். களைப்பு என்று அவரிடம் சொன்னேன்.

போகிறவர்களுக்கு என் சொல். இப்போது நாலு துறையிலும் பாலம் இருக்கிறது. இடைவேளைகளோடு எட்டு மணி நேரத்தில் இந்தச் சுற்றை முடிக்கலாம். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும். மூதூரில் இருந்து காலை ஒன்பதுக்கு முன் திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் பட்டதைப் படுவீர்கள். உப்பாறு தாண்டினால் நிழல் குறைவு, மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். ஒட்டும் சாமான், ஒரு மேலதிக ரியூப், காற்றடிக்கும் பம்ப் கையில் இருக்கட்டும். பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்டவருக்கு: நான் போனேன், வழியில் ரொட்டியும் பழமும் தண்ணீரும்தான் கிடைத்தது. வெள்ளரிப்பழம் கண்டால் சீனி போட்டுத் தின்னாமல் வராதீர்கள். ஒரு நல்ல காரியத்துக்காக ஓடுகிறீர்கள் என்றால், ஆருக்காக ஓடுகிறீர்களோ அவரிடம் முதலில் கேட்டுவிட்டு ஓடுங்கள்.

ரவி போன மறுநாள், திங்கட்கிழமை காலை, திலகாக்கா லிங்கநகரில் இருந்து புது வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் என் சைக்கிளில். நானாவின் கடைச் சந்தி வந்தது. என் கால் தானாக இறங்கிவிட்டது. இறங்கி உருட்டத் தொடங்கிய பிறகுதான் பக்கத்தில் அவர் இல்லை என்பதைக் கவனித்தேன். அவர் அந்த வெற்று மூலையை நிறுத்தாமல் தாண்டி, முன்னுக்குப் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு இறங்க ஏலாது," என்றார். "நீங்கள் ஏறி வாங்கோ."

மூன்று வருசத்தில் சண்டை திரும்ப வந்தது. அந்தச் சந்தியில் மண்மூட்டையும் திரும்ப வந்தது. நாங்கள் எல்லோரும் இறங்கி, வரிசையில், நிலத்தைப் பார்த்து நடந்தோம். திலகாக்கா மட்டும் எங்கள் பக்கத்தால், இருந்தபடியே, ஒவ்வொரு காலையும் நேரத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.